நூறு சதவீத மாணவி

திட்டம் தொடங்கி நான்கு வருடம் ஆன பிறகுதான் அதில் ஒரு மாணவர்கூடச் சேரவில்லை என்பது தெரியவந்தது. அதுவரை யாருக்கும் அதைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை.

ஏழு நாடுகளிலுள்ள ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் உயிர்சார் பொருளாதாரக் கூட்டு முதுகலைத் திட்டம் அது. மண்ணுக்கடியிலிருந்து எண்ணெய் எடுத்து அதில் பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் பசையும் செய்து பூமியைக் கெடுத்தது போதும். இனிமேல் செடி, கொடி, பாசி, உமி, கிழங்குத் தோல் இவற்றிலிருந்தே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். நோக்கம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் நாற்பத்தொரு கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. ஏழு சின்னங்களை எந்த வரிசையில் அச்சிடுவது என்பதற்கு மட்டும் ஆறு கூட்டம். இந்த அலைச்சலுக்கு நடுவில் மாணவரைத் தேட யாரால் முடியும்?

திட்டத்துக்கு ஆதரவு தரும் நிதிக் கழகத்திலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. ஆண்டறிக்கையோடு, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர் புகைப்படத்தையும் இணைத்து அனுப்பவும் என்று ஒரே ஒரு வரி. திட்ட ஒருங்கிணைப்பாளர் அதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பதிவாளர் அறைக்கு ஓடினார்.

பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முப்பது வருடமாகக் கோப்பிலேயே ஊறியவர். எந்தக் கடிதத்திலும் தப்பிக்க ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவர்.

"மாணவர்னு போட்டிருக்கு. அது ஒருத்தரா, பல பேரா?"

"ரெண்டுக்கும் செல்லும் சார். ஒருத்தர்னாலும் மரியாதையா மாணவர்னுதானே சொல்றோம்."

"அப்ப ஒருத்தர் போதும். போய்ப் பிடிச்சுட்டு வாங்க."

ஒருங்கிணைப்பாளர் கேன்டீனில் தேடினார், நூலகத்தில் தேடினார். திட்டத்தின் பெயரைக் கேட்ட பிள்ளைகள் எல்லாரும் முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார்கள். அந்த நாற்பத்தொரு கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. கடைசியில் திட்டத்தின் சொந்த ஆய்வகத்துக்குப் போனார். போய் இரண்டு வருடம் ஆகியிருந்ததால் மாடி தவறி ஏறி, பிறகு இறங்கி வந்தார்.

அங்கே லேப் அக்கா குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக ஆய்வக உதவியாளர். ஒவ்வொரு வருடமும் மார்ச் முடிவில் வேலை போய், ஏப்ரல் முதல் தேதி மறுபடி வரும். அப்படியே பத்தொன்பது ஏப்ரல் போயிருந்தது. புத்தம்புது ஆய்வகம், பளபளவென்று கருவிகள், ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வருவதில்லை. குடுவைகளில் தூசி படியும். அக்கா கழுவுவாள். மறுபடி தூசி படியும்.

"அக்கா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்ஸி. வேதியியல் சார். ஏன் சார், ஏதாவது உடைஞ்சுபோச்சா?"

"பாஸ் பண்ணியிருக்கீங்களா?"

"முதல் வகுப்பு சார். எம்.எஸ்ஸி.க்கு இடம்கூடக் கிடைச்சது. சேர வேண்டிய வாரம் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அப்புறம் அப்படியே..."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. முகம் முழுக்கப் பல்லாகச் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு எங்க திட்டத்து மாணவரா உங்கள ஒரு போட்டோ எடுக்கணும். நல்ல புடவையா கட்டிட்டு வாங்க" என்றார்.

புகைப்படத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவாமலேயே நாற்காலியில் உட்கார்ந்து, "நான் எம்.எஸ்ஸி. படிக்கப் போறேங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். கணவன் பஸ் கண்டக்டர். சில்லறைப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"யாரு சொன்னா?"

"ஒருங்கிணைப்பாளர். முடிச்சா நிரந்தரமா தொழில்நுட்ப அலுவலர் வேலைக்குப் போடலாமாம். நாப்பத்தெட்டு வயசுக்குள்ள விண்ணப்பிக்கணும். சரியா ரெண்டு வருஷம் இருக்கு."

ஒருங்கிணைப்பாளர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. விதிப் புத்தகத்தில் அவளே தேடிக் கண்டுபிடித்தது அது. பல்கலைக்கழகத்தில் விதிப் புத்தகத்தைப் படித்த முதல் ஆள் அநேகமாக அவள்தான். மாணவராகச் சேர்வதை எல்லாரும் வெறும் புகைப்படமாக எடுத்துக்கொண்டார்கள். அவள் ஒருத்தி மட்டும் அதைப் படிப்பாக எடுத்துக்கொண்டாள். பிறகு வந்த தொல்லையெல்லாம் இந்தச் சின்னக் குழப்பத்தால் வந்ததுதான்.

நுழைவுத் தேர்வில் அக்கா முதலிடம் பெற்றாள். கடைசி இடமும் அவளுக்கே. ஏழு பல்கலைக்கழகங்களும் ஆளுக்கு ஒரு அடையாள அட்டை தந்தன. பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த திட்டமாயிற்றே, அட்டைகளை மாவுச்சத்தில் செய்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஐந்தாம் பல்கலைக்கழக அட்டையை எறும்பு தின்றுகொண்டிருந்தது.

"உன் படிப்புல ஏழுல ஒரு பங்கு போச்சு" என்றான் கண்டக்டர்.

புது அட்டை கேட்டுப் போனபோது, பழைய அட்டையை ஒப்படைத்தால்தான் புதியது தர முடியும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எறும்பு தின்றுவிட்டது என்றாள். அப்படியானால் காணாமல் போனதாகப் போலீசில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகமே இல்ல சார். என் கண்ணால பார்த்தேன். எறும்பு."

எழுத்தர் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, 'அடையாளம் தெரியாத சிலர்' என்று எழுதிக் கொடுத்தார்.

வகுப்புகள் திரையில் நடந்தன. ஏழு நாட்டுக்கும் ஒத்துவரும் நேரம் ஒன்று கிடைக்கவில்லை. யார் மனமும் நோகக் கூடாது என்று, ஏழு நாட்டுக்கும் ஒரே அளவு தொந்தரவான நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்காவுக்கு அது விடிகாலை ஐந்து இருபது. கண்டக்டர் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் குளித்து, தலை வாரி, நோட்டுப் புத்தகத்தோடு திரை முன்னால் உட்கார்ந்திருப்பாள். திரையில் முப்பத்தொரு முகம். முப்பது பேர் ஆசிரியர்கள், ஒருங்கிணைப்பாளர்கள், துணை ஒருங்கிணைப்பாளர்கள், ஒருங்கிணைப்பை மதிப்பீடு செய்கிறவர்கள். ஒருத்தி மாணவி. முதலில் வருகைப்பதிவு. ஏழு பல்கலைக்கழகமும் தனித்தனியே கூப்பிடும். ஏழு தடவை "உள்ளேன் ஐயா" சொல்லி முடிப்பதற்குள் கால்மணி நேரம் போய்விடும்.

முதல் பாடம், உயிர்சார் என்றால் என்ன. அது பதினோரு வாரம் நடந்தது. மரம் உயிர்சாரா என்று ஒருவர் கேட்டார். ஆம் என்றார் இன்னொருவர். அப்படியானால் மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோருமே ஏற்கெனவே உயிர்சார் பொருளாதாரத்தில்தான் இருக்கிறோமா என்று மூன்றாமவர் கேட்க, இரண்டு வாரம் போயிற்று. நான்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர், பெட்ரோலும் கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய பாசிதான், ஆகவே அதுவும் உயிர்சார் என்று வாதாடினார். அவர் நாட்டு மண்ணில் பெட்ரோல் கிடைக்கிறது.

பன்னிரண்டாம் வாரம் அக்கா கையைத் தூக்கினாள்.

"சார், செய்முறை வகுப்பு எப்ப ஆரம்பிக்கும்?"

முப்பது முகமும் உறைந்தன. இணைய இணைப்பு போய்விட்டதோ என்று அவள் திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"அதாவது அக்கா," என்று ஒருங்கிணைப்பாளர் தொண்டையைச் செருமினார், "செய்முறைங்கறது நாலாவது கட்டம். நாம இப்ப முதல் கட்டத்துக்கான முன்னோட்டத்துல இருக்கோம்."

"லேப் சாவி எங்கிட்டதான் சார் இருக்கு. நான் வேணும்னா திறந்து வைக்கட்டுமா?"

"அவசரப்படாதீங்க. திறந்துட்டா பயன்பாட்டு அறிக்கை அனுப்பணும்."

வகுப்பு முடிந்து எல்லா முகமும் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி வரிசை மூலையில் ஒரே ஒரு முகம் மட்டும் போகாமல் நின்றது. ஆறாம் பல்கலைக்கழகத்தின் நொதித்தல் பேராசிரியை. அறுபது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய நரைத்த முடி. நான்கு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் வாய் அசையும், சத்தம் வராது. ஒலிவாங்கியைத் திறக்கும் அனுமதி ஒருங்கிணைப்புக் குழுவிடம் இருந்தது. அவர் கொடுத்த விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. அதனால் எல்லாரும் அவரை 'மியூட் அம்மா' என்றே அழைத்தார்கள்.

மியூட் அம்மா ஒரு தாளில் தொலைபேசி எண்ணை எழுதித் திரையில் காட்டினார். அக்கா அழைத்தாள்.

"வணக்கம். உங்கள் மொழியை நான் நூலில் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்" என்றது அந்தக் குரல். "உங்களிடம் உருளைக்கிழங்கு உள்ளதா?"

"இருக்கு மேடம்."

"வினிகர் உள்ளதா? கிளிசரின் உள்ளதா? நல்லது. கிழங்கைத் துருவுங்கள். நாம் தொடங்கலாம்."

அப்படித்தான் நாலாவது கட்டம், யாருக்கும் தெரியாமல் ஆய்வகத்தில், முதல் கட்டத்துக்கு முன்னாலேயே நடந்தது. துருவிய கிழங்கைத் தண்ணீரில் அலசித் துணியில் பிழிந்து, தண்ணீரைத் தெளியவிட்டால் அடியில் வெள்ளையாக மாவு படியும். அதில் கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு வினிகர், ஒரு கரண்டி கிளிசரின் கலந்து அடுப்பில் கிண்டினால் பால்போல இருந்தது கண்ணாடிபோலத் தெளிந்து கெட்டியாகும். தட்டில் பரப்பிக் காயவைத்தால் மெல்லிய தாள். முதல் தாள் அப்பளம்போல நொறுங்கிற்று. இரண்டாவது ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேனென்றது. மூன்றாவதில் பச்சையாகப் பூசணம்.

"வருந்தாதீர்கள். பூசணத்துக்கும் பசி உண்டு" என்றார் மியூட் அம்மா.

பதினேழாவது தாள் கையில் வளைந்தது, கிழியவில்லை. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நின்றுபோன ஏதோ ஒன்று உள்ளே மறுபடி ஓடத் தொடங்கியதுபோல இருந்தது அவளுக்கு. பிறகு பயன்பாட்டு அறிக்கை ஞாபகம் வர, அடுப்பைத் துடைத்து, கதவைப் பூட்டினாள்.

இதற்கிடையில் மாணவர் பிரதிநிதி இல்லாத திட்டம் சட்டப்படி செல்லாது என்று எட்டாம் விதியில் யாரோ கண்டுபிடித்தார்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டது. அக்கா மனுத் தாக்கல் செய்தாள். பதிவாளரே தேர்தல் அதிகாரி. வாக்குப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, அரக்கு வைத்து, அவளைத் தனியே அழைத்து, "யாருக்குப் போட்டீங்கன்னு வெளியில மூச்சு விடக் கூடாது. ரகசிய வாக்கெடுப்பு" என்று எச்சரித்தார். மாலையில் முடிவு வெளியானது. பதிவான வாக்கு ஒன்று. வெற்றி வித்தியாசம் ஒன்று. வாக்களித்தவர் அடையாளம் ரகசியம்.

அக்காவுடைய படிப்பின் இரண்டாம் வருட நிறைவு விழாவில் துணைவேந்தர் பேசினார். அவர் பேச்சு எப்போதும் எழுதித் தரப்பட்டதாகவே இருக்கும். அன்று எழுதியவர் விடுப்பில் போயிருந்ததால் மனதிலிருந்து பேசினார்.

"வீண் என்று எதுவுமே இல்லை என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. இதை நாம் ஊருக்குச் சொல்வதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டியிருக்கிறோம். இதுவரை ஐம்பத்தெட்டுக் கூட்டம் நடத்தியிருக்கிறோம். ஒரு கூட்டத்தின் அறிக்கையைக்கூட நாம் வீணாக்கியதில்லை. முதல் கூட்டத்தின் அறிக்கையிலிருந்து இரண்டாம் கூட்டத்தின் அறிக்கை, அதிலிருந்து மூன்றாவது என்று, வெளியிலிருந்து புதிதாக ஒரு வாக்கியம்கூட எடுக்காமல் ஆறு வருடம் ஓட்டியிருக்கிறோம். இதைவிடச் சிறந்த மறுசுழற்சி உலகத்தில் வேறெங்காவது உண்டா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அக்கா எல்லாத் தேர்வும் எழுதி முடித்திருந்தாள். ஏழு பல்கலைக்கழகமும் தங்கள் வழக்கப்படி மதிப்பெண் போட்டன. ஒன்று நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. ஒன்று பதினைந்துக்குப் பதினான்கு. ஒன்று வெறுமனே 'பரவாயில்லை'. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தபோது அவள் நூற்று மூன்று சதவீதம் பெற்றிருந்தாள். தொழில்நுட்ப அலுவலர் பதவிக்கு விளம்பரமும் வந்திருந்தது. அவளுடைய நாற்பத்தெட்டாவது பிறந்த நாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பட்டச் சான்றிதழ் கேட்டுப் பதிவாளரிடம் போனாள்.

"தர முடியாதேம்மா" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தத்தோடு.

"ஏன் சார்? நான்தான் பாஸ் பண்ணிட்டேனே."

"அதுதானே சிக்கல். நீங்க பாஸாகிப் போயிட்டா திட்டத்துல மாணவர் எண்ணிக்கை ஒரே நாள்ல நூறு சதவீதம் சரியுது. எந்தப் பல்கலைக்கழகம் தாங்கும் சொல்லுங்க? உங்கள மாதிரி நல்லாப் படிக்கிற பொண்ணு இன்னும் ஒரு நாலு வருஷம் இருந்தா எங்களுக்கும் பெருமை. தோல்வின்னு போட மாட்டோம். 'தகுதி மிகுதியால் தக்கவைக்கப்பட்டார்'னு கௌரவமாப் போடுறோம்."

"நாலு வருஷத்துல எனக்கு வயசு தாண்டிடும் சார்."

"வயசு எல்லாருக்கும்தான் தாண்டுது" என்றார் பதிவாளர், தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு.

அன்று மாலை அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் முழுவதையும் கேட்டான்.

"புரியுது. வண்டியில டிக்கெட் வாங்கின ஒரே ஆளு நீ. உன்ன இறக்கி விட்டா வண்டி காலியா ஓடுதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். எப்படி இறக்குவான்?"

"அப்ப நான் என்ன பண்றது?"

"வண்டி நிக்கலன்னா பயணிங்க என்ன பண்ணுவாங்க? கத்துவாங்க, தட்டுவாங்க. உங்க திட்டத்துல மாணவர் தலைவர் யாரு?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பதிவாளர் மேசையில் முறைப்படி ஒரு கடிதம் இருந்தது. சான்றிதழும் செய்முறை வகுப்பும் கிடைக்கும்வரை மாணவர்கள் காலவரையற்ற வகுப்புப் புறக்கணிப்பில் ஈடுபடுகிறார்கள். இப்படிக்கு, மாணவர் பிரதிநிதி. ஆய்வகத்தோடு ஒட்டியிருந்த வகுப்பறை வாசலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் வெள்ளைக் கோட்டோடு அக்கா, மடியில் சாவிக்கொத்து.

பதிவாளர் மூச்சிரைக்க வந்தார்.

"போராட்டத்துல எத்தனை பேர் கலந்துக்கிட்டிருக்காங்க?"

"எல்லாரும் சார்."

பதிவாளருக்கு விழி பிதுங்கியது. அவர் பணிக்காலத்தில் முழுமையாக வெற்றி பெற்ற மாணவர் போராட்டத்தை அவர் பார்த்ததில்லை. மாணவர்களிடையே பிளவு உண்டாக்க முயன்றார், முடியவில்லை. மதியம் கண்டக்டர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து போனதை, 'வெளியாட்களின் தூண்டுதல்' என்று காவலாளி குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நிதிக் கழகத்தின் ஆய்வாளர் வருவதாக இருந்தது. அதற்காக மற்ற ஆறு நாட்டுப் பிரதிநிதிகளும் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார்கள், மியூட் அம்மா உட்பட. துணைவேந்தர் பூங்கொத்தோடு முன்வாசலில் காலை ஏழு மணியிலிருந்தே நின்றார். மற்றவர்கள் காலி வகுப்பறையைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்கள். பதிவாளருக்குத்தான் யோசனை வந்தது.

"ஆய்வாளர் என்ன பண்ணுவார்? தலைய எண்ணுவார். தலைதானே வேணும்? உக்காருங்க எல்லாரும் பெஞ்சுல!"

ஏழு பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். போதாதென்று அலுவலக எழுத்தர்கள் மூன்று பேரை இழுத்து வந்தார். பிறகு பத்து என்பதைவிடப் பதினொன்று இயல்பாக இருக்கும் என்று தானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நோட்டுப் புத்தகம் பங்கிடப்பட்டது. அப்புறம்தான் ஒரு குறை தெரிந்தது. பாடம் நடத்த ஆள் இல்லை. கேள்வி வந்தால் ஆசிரியரிடம்தான் வரும் என்பதால், பெஞ்சிலிருந்து எழுந்து போக யாருக்கும் மனமில்லை. யார் ஆசிரியர் என்று தீர்மானிக்க மூவர் குழு அமைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

ஆய்வாளர் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். பஸ்ஸில் வந்தவர். தோளில் துணிப்பை, கையில் ஒரே ஒரு தாள். விரலை நீட்டி எண்ணினார்.

"பதினொண்ணு. நல்லது." முதல் பெஞ்சைப் பார்த்தார். "உங்க பேரு?"

ஒருங்கிணைப்பாளர் பதற்றத்தில் சொந்தப் பெயரையே சொல்லிவிட்டார்.

"வயசு?"

"அம்பத்தி நாலு."

"இந்த வயசுல படிக்கணும்னு தோணியிருக்கே. சந்தோஷம்" என்று எழுதிக்கொண்டார். பதினொரு பெயரையும் எழுதினார். பதிவாளர் பெயரை எழுதும்போது, "தம்பி, சத்தமா சொல்லுங்க" என்றார். "சரி, ஆசிரியர் எங்க?"

பத்துப் பேர் நோட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்கள். மியூட் அம்மா மட்டும் எழுந்து நின்று, தெளிவாக, வெளியே கையைக் காட்டினார்.

"அதோ. வெளியில் அமர்ந்திருக்கிறார்."

ஆறு வருடத்தில் அவர் குரலை அந்தக் குழு கேட்டது அதுவே முதல் தடவை.

ஆய்வாளர் வாசலுக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு, சாவிக்கொத்து, நேரான முதுகு.

"நீங்கதான் ஆசிரியரா? பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க, நீங்க இங்க உக்காந்திருக்கீங்களே?"

அக்கா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது ஒரு நொடி வேலை. ஆய்வாளரின் தோளுக்குப் பின்னால் ஒருங்கிணைப்பாளர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றது தெரிந்தது. அவருக்குப் பின்னால் பதிவாளர், அவருக்கும் பின்னால் காலியாக இருந்த மேடை. அவள் கண் மேடையில் நின்றது.

"செய்முறை வகுப்பு நடத்தணும்னு போராடிக்கிட்டிருக்கேன் சார்."

"யாரு தடுக்குறாங்க?"

அவள் உள்ளே இன்னொரு முறை பார்த்தாள். "இப்ப யாரும் இல்ல சார்" என்று எழுந்தாள்.

ஆய்வகக் கதவு திறந்தது. பதினொரு பேருக்கும் கோட்டு, ஆளுக்கு இரண்டு கிழங்கு, ஒரு துருவி. முதலில் கொஞ்சம் குரல் நடுங்கிற்று அவளுக்கு. துருவல் சத்தம் கேட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது.

"பெட்ரோல் சார், ஆமா, உங்களத்தான். கிழங்கத் துருவச் சொன்னேன், விரல இல்ல. கடைசி பெஞ்சுத் தம்பி, எட்டிப் பார்த்து எழுதாதீங்க, அவருக்கும் தெரியாது."

நான்காம் பல்கலைக்கழகம் விரலை வெட்டிக்கொண்டது. இரண்டாம் பல்கலைக்கழகம் வினிகருக்குப் பதிலாகத் தண்ணீரையே இரண்டு தடவை ஊற்றிற்று. ஒருங்கிணைப்பாளர் அடியில் படிந்த மாவை அழுக்கு என்று நினைத்துக் கொட்டிவிட்டார். மியூட் அம்மா மட்டும் முதல் பெஞ்சில் கிண்டிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தார். முன்வாசலில் பூங்கொத்து வாடிக்கொண்டிருந்தது.

போகும்போது அறிக்கையை அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 'ஆசிரியர் மிகச் சிறந்தவர். அவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். மாணவர்களின் தரம் கவலை தருகிறது. அடிப்படைகூடத் தெரியவில்லை. மேற்கண்ட பதினொரு பேரும் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அடுத்த ஆய்வு ஆறு மாதத்தில்.'

பதிவாளர் அதை மூன்று தடவை படித்தார். தப்பிக்க வழியே இல்லாத முதல் கடிதம்.

"ஆசிரியர்னு எழுதிட்டாரு. முதுகலை இல்லாதவங்கள ஆசிரியர்னு வெச்சிருந்தா எல்லார் தலையும் உருளும். சான்றிதழ உடனே அடிங்க!"

சான்றிதழுக்கு ஏழு கையெழுத்து வேண்டும். தபாலில் சுற்றினால் இரண்டு வருடம் ஆகும் வேலை. ஏழு பேரும் அன்று ஒரே அறையில், மாவு ஒட்டிய கையோடு இருந்தார்கள். ஏழு சின்னமும் போட்ட பிறகு பெயர் எழுத இடம் மிஞ்சவில்லை, பின்பக்கத்தில் எழுதினார்கள். மறுநாளே அக்கா விண்ணப்பம் கொடுத்தாள். தேர்வுக் குழுவுக்கு முன்னால் ஆய்வாளரின் அறிக்கை இருந்ததால் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, எப்போது சேருகிறீர்கள் என்பதுதான். மார்ச் மாதம் வந்தது, போயிற்று. அவள் வேலை போகவில்லை. அன்று கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வீட்டில் சமைத்தான்.

செவ்வாய்க்கிழமைதோறும் வகுப்பு நடக்கிறது. பதினொரு பெயரும் அறிக்கையில் ஏறிவிட்டதால் யாராலும் நழுவ முடியவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் அவரவர் சமையலறையிலிருந்து திரையில் துருவுகிறார்கள். பதிவாளர் உடல்நலக் குறைவு என்று இரண்டு தடவை விடுப்பு எழுதினார். அக்கா மருத்துவச் சான்று கேட்டதும் வந்துவிட்டார். இப்போது வகுப்பில் அவர் கிண்டுவதுதான் கட்டியில்லாமல் வருகிறது.

ஒருங்கிணைப்பாளருடையது மட்டும் வாரக்கணக்கில் வரவில்லை. நொறுங்கிற்று, ஒட்டிற்று, பூசணம் பிடித்தது. போன செவ்வாய்க்கிழமை தட்டின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினார். தாள் முழுசாக எழுந்து வந்தது. வளைத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். உயிர்சார் பொருளாதாரத்தைப் பற்றி ஆறு வருடம், பதினான்கு நாடுகளில், அறுபத்தொரு கூட்டத்தில் பேசியவர் அவர். இரண்டு கையிலும் அந்தத் தாளை ஏந்திக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் ஓடிவந்தார். கண் அகலமாக விரிந்திருந்தது.

"அக்கா! அக்கா, இங்க பாருங்களேன்... இது நிஜமாவே வேலை செய்யுது!"